பனிக்கால முடிவில் ஒரு விளக்கீடு

"அம்மா, நாங்கள் பேகனா?"

2018ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒருநாள், பள்ளிக்கூடத்தால் வந்த என் மகன் சப்பாத்தைக் கழற்ற முன்னரே இப்படிக் கேட்டான். பல தெய்வங்களைக் கும்பிட்டவர்களையும், மரத்தையும் ஊற்றையும் வணங்கியவர்களையும் முற்காலத்தில் பேகன் என்று அழைத்தார்கள் என்று அன்று சமய பாடத்தில் படிப்பித்தார்களாம். "அம்மம்மா ஊரிலை வேப்பமரத்தைக் கும்பிட்டவ எண்டு சொன்னவதானே? அப்ப நாங்கள்?" என்று நின்றான்.

அடுப்படியில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த அம்மா, "என்னடி கேக்கிறான்?" என்றார். நான் விளக்கினேன். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உது பழைய பேர்தானே பிள்ளை. நாங்கள் படிக்கிற காலத்திலை பாதிரியாற்றை பள்ளிக்கூடத்திலை எங்களை அஞ்ஞானியள் எண்டுதான் சொல்லுறவை" என்றார்.

அம்மா சொன்னது உண்மை. 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனரிமார் தம் நாட்டுக்கு எழுதிய அறிக்கைகளில் எங்கள் முன்னோருக்குக் கொடுத்த பெயரும் அதுதான். ஆனால் மகன் அதோடு விடவில்லை. "பக்கத்து வீட்டு ஆன்ரியும் பேகன்தான். அவவே சொன்னவ" என்றான்.

எனக்குத் திக்கென்றது. நாங்கள் இருப்பது மேற்கு யோர்க்ஷயரில், ஹடர்ஸ்ஃபீல்ட் நகரத்துக்கு மேற்கேயுள்ள கோல்ன் பள்ளத்தாக்கில். பக்கத்து வீட்டுக்காரி ஓய்வுபெற்ற தாதி. நாங்கள் குடிவந்த அன்று ஒரு கேக்கோடு வந்து கதவைத் தட்டியவர். ஆறு வருடமாக வேலிக்கு மேலால் தக்காளியும் கறிமிளகாயும் கைமாறியிருக்கின்றன. அந்த மனிசிக்கு என்ன சமயம் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இங்கிலிஷ்காரர் என்றால் கிறிஸ்தவர், இல்லையென்றால் ஒன்றும் இல்லாதவர் என்பதுதான் என் கணக்கு.

அடுத்த கிழமை கோப்பி குடிக்கப் போனபோது கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. தாங்கள் பதினைந்து பேரளவில் ஒரு சிறு குழு என்றும், சூரியனையும் பருவங்களையும் வைத்து வருடத்தில் எட்டு விழாக்கள் கொண்டாடுவதாகவும் சொன்னார். பேகன் என்ற சொல்லின் பொருளையும் சொன்னார். அது 'பாகானுஸ்' என்ற இலத்தீன் சொல்லில் இருந்து வந்தது. நாட்டுப்புறத்தான் என்று பொருள். நகரத்தில் இருந்தவர்கள் புதிய சமயத்துக்கு மாறிய பிறகும் பழைய தெய்வங்களை விடாதிருந்தவர்கள் மீது அந்தப் பெயர் ஏறியது என்பது ஒரு விளக்கம். எங்கள் பாஷையில் சொன்னால் பட்டிக்காட்டான்! ஏளனமாக வைத்த பெயரையே அவர்கள் இன்று தங்கள் பெயராக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"பழைய சமயம் அப்படியே அறாமல் எங்களிடம் வந்தது என்று நான் சொல்லமாட்டேன்" என்றும் அவர் சொன்னார். சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்ட பின்னர்தான் ஜெரல்ட் கார்ட்னர் போன்றவர்கள் இங்கிலாந்தில் வெளிப்படையாகப் பேசவும் எழுதவும் தொடங்கினார்கள். எட்டு விழாக்களும் ஒரே வட்டமாகச் சேர்க்கப்பட்டது 1950களில். "துணி பழையது. தையல் புதியது" என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. நாங்களும் இங்கே ஒரு பழைய மண்டபத்தை வாங்கி, கார்பெட் விரித்து, கோயிலாக்கித்தானே கும்பிடுகிறோம்.

அப்போதுதான் அவர் ஒரு உதவி கேட்டார். வருகிற மாசி பிறக்க முன்னர் 'இம்போல்க்' விழா. கையால் செய்யவேண்டிய வேலை நிறைய. குழுவில் பாதிப்பேருக்கு விரல் மூட்டு வருத்தம். "உன் அம்மா வருவாரா?"

இந்த இடத்தில் அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்பா 1988இல் வருத்தம் வந்து போய்விட்டார். 1996 ஆடி மாதத்தில் ஒருநாள் சைக்கிளில் வெளிக்கிட்ட என் தம்பி இன்றுவரை வரவில்லை. அவனுக்கு அப்போது இருபத்தொரு வயது. அம்மா கேட்காத இடமில்லை, நிரப்பாத படிவமில்லை. 2005இல் என்னிடம் வந்தார். கோடையில் தோட்டத்தில் நிற்பார். மார்கழி வந்தால் சரி. பின்னேரம் நாலு மணிக்கு முதலே இருண்டுவிடும் இந்த நாட்டில், யன்னல் ஓரக் கதிரையில் இருந்தபடி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். தம்பியின் படம் சூட்கேசுக்குள். சுவரில் மாட்டினால் மாலை போடவேண்டும், விளக்கு வைக்கவேண்டும். அதெல்லாம் போனவர்களுக்குச் செய்வது. தம்பி போனவனா, வரவேண்டியவனா? திவசம் செய்யவும் முடியாமல், செய்யாமல் இருக்கவும் முடியாமல் எத்தனையோ தாய்மார் எங்களில் இருக்கிறார்கள். நான் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டில் கதையை எடுத்தபோது இவர் பாய்ந்தார். "உனக்கென்ன விசரே? சூனியக்காரக் கூட்டத்துக்குள்ளை போய் நிண்டால் கோயிலடியிலை சனம் என்ன கதைக்கும்?" நான் பேசாமல் இருந்தேன். அம்மாதான் கேட்டார்: "ஆருக்குப் பூசை?"

"பிரிஜிட் எண்டு ஒரு பெண்தெய்வமாம் அம்மா."

"பெண்தெய்வமே? அப்ப வாறன்."

இம்போல்க் என்பது அயர்லாந்து, ஸ்கொட்லாந்துப் பக்கத்துப் பழைய விழா. மாசி மாதம் 1ஆம் திகதி, அதாவது எங்கள் தை மாதம் இன்னும் முடியாத நேரம். மார்கழி 21ஆம் திகதியளவில் வரும் மிகக் குறுகிய பகலுக்கும், பங்குனியில் இரவும் பகலும் சமமாகும் நாளுக்கும் ஏறக்குறைய நடுவில் வருவது. அதற்குள் பகல் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கூடியிருக்கும். ஆனாலும் வெளியே பனியும் சேறும்தான். சினைப்பட்ட செம்மறிகளுக்கு மடி இறங்கும் காலம். இம்போல்க் என்ற பெயருக்கே 'வயிற்றினுள்' என்று ஒரு பொருள் சொல்கிறார்கள். வெளியே ஒன்றும் தெரியாது, ஆனால் உள்ளே உயிர் இருக்கிறது. அந்த நம்பிக்கைக்குத்தான் இந்த விழா.

பிரிஜிட் பாட்டுக்கும் வைத்தியத்துக்கும் கொல்லுவேலைக்கும் உரிய தெய்வம் என்று பழைய ஐரிஷ் நூல் ஒன்று சொல்கிறது. அதே பெயரில் கில்டேர் என்ற ஊரில் ஒரு கிறிஸ்தவப் புனிதரும் உண்டு. அவருடைய மடத்தில் அணையாத நெருப்பு ஒன்றைக் கன்னியாஸ்திரிகள் காத்து வந்ததாகப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் அங்கு போனவர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். பத்தொன்பது பேர் முறைவைத்து ஒவ்வோர் இரவு காப்பார்களாம். இருபதாவது இரவு பிரிஜிட் தானே வந்து காப்பாராம். பிற்காலத்தில் அணைந்துபோன அந்த நெருப்பை 1993இல் கன்னியாஸ்திரிகளே திரும்ப ஏற்றினார்கள். 2023 தொடக்கம் அயர்லாந்தில் பிரிஜிட் நாளுக்கு அரசாங்க விடுமுறையும் உண்டு.

தெய்வம்தான் புனிதராக மாறியதா, இருவரும் வேறுவேறா என்று அறிஞர்கள் இன்னும் வாதிக்கிறார்கள். அம்மாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. "எங்கடை கண்ணகை அம்மனை மாத்தேல்லையே, அப்பிடித்தான்" என்றார். நாவலர் கண்ணகி வழிபாட்டைக் கண்டித்ததும், யாழ்ப்பாணத்துக் கண்ணகை அம்மன் கோயில்கள் பல பின்னாளில் இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்று வேறு பெயர் எடுத்ததும் வாசகர்கள் அறிந்ததே. பெயர் மாறினாலும் சனம் பொங்குவதை விடவில்லை.

தைப்பொங்கல் முடிந்த மறுகிழமையே ஆயத்தம் தொடங்கியது. முதல் வேலை வீடு துப்புரவாக்குவது. இதை எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. இரண்டாவது வேலை புல் பிடுங்குவது. இங்குள்ள மேட்டுநிலங்களில் சதுப்பான இடமெல்லாம் எங்கள் கோரை போல ஒரு புல் பற்றையாக நிற்கும். 'ரஷ்' என்பார்கள். அதைக் கத்தியால் வெட்டக்கூடாது, கையால்தான் பிடுங்கவேண்டும் என்பது அயர்லாந்து வழக்கம். குளிர் காற்றில் சேற்றுக்குள் நின்று நானும் பிள்ளைகளும் இரண்டு உரப்பை நிறையப் பிடுங்கினோம்.

சனிக்கிழமை பின்னேரம் பக்கத்து வீட்டு மேசையைச் சுற்றி எட்டுப்பேர் இருந்து பிரிஜிட் சிலுவை பின்னினோம். ஒரு புல்லை நிமிர்த்திப் பிடித்து, இன்னொன்றை நடுவில் மடித்து அதன்மேல் போட்டு, கால்வட்டம் திருப்பி, அடுத்ததை மடித்துப் போடவேண்டும். நடுவில் ஒரு சதுரம் வளர்ந்துகொண்டே வரும். நான்கு முனையையும் நூலால் கட்டினால் சக்கரம் சுழல்வது போல ஓர் உருவம். வாசலுக்கு மேல் தொங்கவிட்டால் வீட்டுக்கு நெருப்பு அண்டாது என்பது நம்பிக்கை.

அம்மா இரண்டு தரம் பார்த்தார். மூன்றாம் தரம் கையில் எடுத்தார். குருத்தோலையில் தோரணம் பின்னிய கை. மட்டை கிடுகு பின்னிய கை. மற்றவர்கள் ஒன்று முடிக்க முன்னர் அம்மா நாலு முடித்துவிட்டார். ஒரு சொல் இங்கிலிஷ் பேசவில்லை. ஒரு வயதான மனிசனின் விரலைப் பிடித்து, "இப்பிடி இறுக்கோணும், விட்டால் அவிழ்ந்து போம்" என்று தமிழிலேயே காட்டிக் கொடுத்தார். அந்த மனிசனும் தலையாட்டியபடி இறுக்கினார். அம்மா அந்த மார்கழி, தை முழுவதிலும் வாசலைப் பாராமல் இருந்த முதல் பின்னேரம் அதுதான் என்று நினைக்கிறேன்.

பிறகு பாவை செய்தார்கள். போன அறுவடையில் எடுத்து வைத்த ஓட்ஸ் வைக்கோலை உருவமாகக் கட்டி வெள்ளைத்துணி உடுத்தினார்கள். அதற்கு ஒரு கூடையில் படுக்கை. மேற்கு ஸ்கொட்லாந்துத் தீவுகளில் 1690களிலேயே பெண்கள் இப்படிச் செய்ததை எழுதி வைத்திருக்கிறார்கள். மெழுகுதிரி, பால், பட்டர், பாண், செம்மறிப்பாற்கட்டி என்று பட்டியல் போட்டார்கள். கூட்டத்தில் ஒரு பெடியன் மிருகப்பால் தொடாதவன். அவனுக்கு ஓட்ஸ் பால். நெருப்புக் காரியம் என்பதால் ஒரு வாளி மண்ணும் ஒரு வாளி தண்ணீரும். எங்கள் கோயில் நிர்வாகசபையில் நடப்பது போலவே, கேக் யார் கொண்டுவருவது என்பதில் சின்னச் சண்டையும் நடந்தது.

கடைசியாக, சடங்கு எப்படி நடக்கும் என்று பக்கத்து வீட்டம்மா விளக்கினார். நாலு திசையையும் கூப்பிடுவார்கள். கிழக்கு காற்று, தெற்கு நெருப்பு, மேற்கு நீர், வடக்கு மண். "ஆகாயம் எங்கை?" என்று அம்மா கேட்கச் சொன்னார். ஐந்தாவது ஆவி என்றும், அது நடுவில் இருக்கிறது என்றும் பதில் வந்தது. அம்மாவுக்குத் திருப்தி.

"பிறகு விளக்குகளை எல்லாம் அணைத்துவிடுவோம். ஒருத்தி பாவையோடு வெளியே இருட்டில் நின்று மூன்று தரம் கதவைத் தட்டுவாள். உள்ளே இருப்பவர்களில் வயதில் மூத்த பெண் போய்க் கதவைத் திறந்து பிரிஜிட்டை உள்ளே அழைப்பார். இந்த முறை மூத்தவர் அம்மம்மாதான்." எங்கள் பிள்ளைகளைப் போல அவரும் அம்மாவை அம்மம்மா என்றுதான் கூப்பிடுவார்.

நான் மொழிபெயர்க்கவில்லை. வாய் வரவில்லை. இருட்டு, வெளியே தட்டுகிற சத்தம், வயதான தாய் போய்க் கதவைத் திறப்பது. 1996இல் யாழ்ப்பாணத்தில் இரவில் கதவு தட்டுப்பட்டால் என்ன பொருள் என்று எங்களுக்குத் தெரியும். அந்தப் பயத்துக்குள்ளும், தட்டுவது தம்பியாக இருக்குமோ என்று ஓடிப்போய்த் திறந்தவர் அம்மா. இருபத்திரண்டு வருடமாக அவர் காதெல்லாம் அந்தச் சத்தத்துக்குத்தான் விழித்திருக்கிறது.

அடுத்தநாள் தனியாகப் போய்ப் பக்கத்து வீட்டம்மாவிடம் முழுவதையும் சொன்னேன். ஆறு வருடத்தில் அதுதான் முதல்தரம். அவர் என் கையைப் பிடித்தபடி கன நேரம் இருந்தார். "தட்டுவதை விட்டுவிடுவோம். அது இல்லாமலும் விழா நடக்கும்" என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். ஒளித்துச் செய்ய மனம் வரவில்லை. அம்மா உள்ளங்கையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு சொன்னார்: "தட்டட்டும் பிள்ளை. வாறது ஆரெண்டு தெரிஞ்சு ஒருக்கா நான் கதவு திறக்கிறன்."

2019 மாசி 2ஆம் திகதி, சனிக்கிழமை இரவு. அந்தக் கிழமை பனி கொட்டியிருந்தது. ஊர்ச் சனசமூக நிலையத்து மண்டபத்தில் கூடினோம். இவர் காரில் இறக்கிவிட்டுப் போவதாகத்தான் வந்தவர். குளிருக்குள் அம்மாவை விட்டுப் போக மனமில்லாமல் பின்வரிசையில் வந்து நின்றுகொண்டார். வட்டமாக நின்றோம். திசைகளைக் கூப்பிட்டார்கள். விளக்குகள் அணைந்தன. ஒருவர் மூச்சும் கேட்கவில்லை.

தட்டுச் சத்தம் வந்தது. என் கையைப் பிடித்திருந்த அம்மாவின் கை குளிர்ந்து போனது. இரண்டாம் தரம். அம்மா என் கையை விட்டார். மூன்றாம் தரம் தட்டியபோது அவர் கதவடியில் நின்றார். திறந்தார். வெளியே பனிக்குள் ஒரு சின்னப் பெட்டை பாவையைக் குழந்தை போல நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். அம்மாவுக்கு இங்கிலிஷில் ஒரு வரி சொல்லிக் கொடுத்திருந்தோம். அதை அவர் சொல்லவில்லை. "வா பிள்ளை, உள்ளுக்கை வா. குளிருது" என்றார்.

பெட்டை உள்ளே வந்தாள். அம்மா கதவைச் சாத்தவில்லை. வெளியே இருட்டைப் பார்த்தபடி நின்றார். பனிக்காற்று மண்டபத்துக்குள் வந்தது. ஒருவரும் அசையவில்லை, ஒருவரும் சாத்தச் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அம்மா தானாகவே கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார்.

நடுவில் ஒரு மெழுகுதிரி ஏற்றினார்கள். அதில் இருந்து ஒவ்வொருவராக ஏற்றினோம். இன்னும் மண்ணுக்குக் கீழே இருப்பதற்காக, கண்ணுக்குத் தெரியாதபோதும் இல்லை என்று சொல்லமுடியாததற்காக இந்த விளக்கு என்று பக்கத்து வீட்டம்மா சொன்னார். அப்பா போனபின் ஊரில் ஒரு நல்ல காரியத்துக்கும் விளக்கேற்ற அழைக்கப்படாத அம்மா, இரண்டாவதாக ஏற்றினார். பாலும் பாணும் பகிர்ந்தோம். மிச்சப் பாலை வெளியே பனிமேல் ஊற்றினார்கள். இவர் இரண்டு துண்டு கேக் சாப்பிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சூட்கேசைத் திறந்தார். தம்பியின் படத்தை எடுத்துத் துடைத்து, யன்னல் ஓரத்தில் வைத்தார். தான் பின்னிய புல்லுச் சிலுவையை அதன் பக்கத்தில் சாய்த்தார். "மாலை போடாதை. சூடம் காட்டாதை. உது பக்கத்திலை இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான்.

அம்மாவின் துயரம் அன்றோடு தீர்ந்தது என்று நான் எழுதினால் அது பொய். எண்பது வயது கடந்தும் இன்றும் சில இரவுகளில் எழும்பி வாசலுக்குப் போகிறார். ஆனால் மார்கழி வந்தால் கதிரையில் உறைந்து போவதில்லை. புல் எப்போது பிடுங்குவது என்று கேட்கிறார். தைப்பூசத்துக்குப் புதிர்ச் சோறு ஆக்கினால் பக்கத்து வீட்டுக்கும் ஒரு கோப்பை போகிறது.

2021 குடிசன மதிப்பீட்டில் இங்கிலாந்திலும் வேல்சிலும் 74,000 பேர் தங்களைப் பேகன் என்று பதிந்திருக்கிறார்கள். உங்கள் தெருவிலும் ஒருவர் இருக்கலாம். எங்கள் பள்ளத்தாக்கிலேயே மார்ஸ்டன் என்ற ஊரில் 1990களில் தொடங்கிய இம்போல்க் தீ விழாவில், உறைபனி அரக்கனைப் பச்சை மனிதன் வெல்வதைப் பார்க்கப் பெருந்தொகைச் சனம் கூடும். புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். எங்கள் சமயத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. நாங்களும் விடவில்லை. ஆனால் பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். அந்தப் பெயரை ஒருகாலம் எங்களுக்கும் வைத்தார்கள். இருண்ட மாதங்களில் வீட்டுக்குள் இருக்கும் அம்மாமாருக்குக் கைக்கு ஒரு வேலை தேடிக் கொடுங்கள். பக்கத்து வீட்டில் ஏதாவது விழாவுக்கு ஆயத்தம் நடந்தால், கூடமாட நிற்க வரவா என்று கேளுங்கள்.

மகனுடைய கேள்விக்கு நான் இன்னும் சரியான பதில் சொல்லவில்லை. அம்மா அப்போதே சொல்லிவிட்டார்: "ஓமடா, நாங்களும் பட்டிக்காட்டார்தான். போய்க் கையைக் காலைக் கழுவு."